நான் விழுந்த கதையும் நீ போக வேண்டிய காரணமும்

முரளி,

வலது கை தப்பித்துவிட்டது. வீங்கியிருப்பது இடது மணிக்கட்டும் வலது கணுக்காலும்தான். எலும்பில் கீறல்கூட இல்லை என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆகையால் உன் அப்பா உனக்கு எழுதும் முதல் கடிதம் தடையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வரியை முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் ஆறின டீயும் இனிக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனிலும் சரி, நேரிலும் சரி, நீ எங்கே என்னைப் பேச விடுகிறாய்? ‘விழுந்தேன்’ என்ற இடத்துக்கு நான் வந்ததும் நீ அழத் தொடங்கிவிடுகிறாய். சுதா பின்னாலிருந்து ‘மாமா, தண்ணி குடிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்கிறாள். அதோடு கதை நின்றுவிடுகிறது. விழுந்தது கதையே இல்லை, முரளி. விழுந்த பிறகு நடந்ததுதான் கதை. அதை நீ இன்னும் கேட்கவே இல்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இது.

திங்கட்கிழமை நீ ஆபீசில் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனிக்கு மூன்று வருஷம் போகிறாயா, மாட்டாயா என்று. போன மாதம் இந்தச் செய்தியைச் சொல்ல வந்தபோது நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். சுதா விட்ட படிப்பை அங்கே தொடரலாம் என்று சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். இப்போது, ‘நான் போகலப்பா, முடிவு பண்ணிட்டேன், உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது’ என்கிறாய். நான் விழுந்ததைக் காரணமாகக் காட்டி நீ போகாமல் இருக்கப் பார்க்கிறாய். நான் விழுந்ததுதான் நீ போவதற்குக் காரணம் என்கிறேன் நான். அதை உனக்குப் புரிய வைக்கத்தான் இத்தனை பாடுபட்டு எழுதுகிறேன். கடைசிவரை படி.

நீ வாங்கிக் கொடுத்த கழுத்து டாலரிலிருந்து தொடங்குகிறேன். உன் மேடவாக்கம் அடுக்குமாடி வாசலில் தண்ணீர் லாரி ஒழுகவிட்ட ஈரத்தில் நான் வழுக்கி உட்கார்ந்தேனே, அதற்கு மறு வாரமே நீ அதை வாங்கிக்கொண்டு வந்தாய். தீப்பெட்டி அளவு, நடுவில் சிவப்புப் பொத்தான், கழுத்தில் மாட்டக் கறுப்புக் கயிறு. ‘இதை அமுக்கினா கம்பெனி ஆளுங்க இதுலயே பேசுவாங்கப்பா. நீ அமுக்காட்டிகூட பரவால்ல, நீ கீழ விழுந்தா அதுக்கே தெரியும்’ என்றாய். எனக்கு மனசுக்குள் சிரிப்பு. பையன் நன்றாக ஏமாந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நான் விழுவது ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு எப்படித் தெரியும்?

விலை எவ்வளவு என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. சொல்லாததால், நிறைய இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். உன் அம்மா தன் சங்கிலியை எப்படி வைத்திருந்தாளோ அப்படியே நானும் இதை வைத்துக்கொண்டேன். மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை உரிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். சார்ஜ் போடும் நேரத்துக்கு வெளியே எடுப்பேன், துடைப்பேன், திரும்ப உள்ளே வைப்பேன். கல்யாணம், காதுகுத்து என்றால் சட்டைக்கு மேலே தெரிகிற மாதிரிப் போட்டுக்கொண்டு போவேன். பெருங்களத்தூரில் ஒரு கல்யாணத்தில் உன் அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்து, ‘இன்னா மாமா, புது மாடலா? எத்தினி பவுனு?’ என்று கேட்டார். ‘பையன் வாங்கிக் குட்தான்’ என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பீரோ. நீ போன் செய்து ‘டாலர் போட்டிருக்கியாப்பா’ என்று கேட்கும்போதெல்லாம் ‘கீதுப்பா’ என்பேன். இருந்தது, பீரோவில்.

எனக்கு அது தினமும் கழுத்தில் கிடந்தால் கௌரவக் குறைவு என்றும் ஒரு எண்ணம். உனக்குத் தெரியும், நான் சாரம் கட்டியவன். சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் பாதிக் கட்டடங்களுக்கு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி ஏறி நின்றிருக்கிறேன். விழாமல் இருந்ததற்குத்தான் எனக்குக் கூலி. ஒரு சமயம் மேஸ்திரி எங்களுக்கெல்லாம் கயிறு வைத்த இடுப்பு பெல்ட் கொடுத்தார். நான் அதைக் கம்பில் மாட்டிவிட்டு ஏறிவிட்டேன். என்னோடு வேலை செய்த கோவிந்தன் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். நாங்கள் எல்லாரும் அவனை, ‘இன்னாடா, பள்ளிக்கூடத்துக்குப் போறியா, பெல்ட்டெல்லாம் போட்டுகினு’ என்று ஓட்டினோம். அன்று சாயங்காலமே அவன் கால் தவறியது. ஐந்தாவது மாடி உயரத்தில் வௌவால் மாதிரித் தொங்கினான். நாங்கள் இழுத்து மேலே ஏற்றினோம். அவன் உட்கார்ந்து ஒரு டீ குடித்தான். குடித்துவிட்டு, ‘போலாமா?’ என்று கேட்டு மறுபடியும் அதே இடத்துக்கு ஏறினான். பெல்ட் போடாத நாங்கள்தான் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு இறங்கினோம். பயந்தவன் போடுவது பெல்ட் என்று நினைத்திருந்தேன். மறுபடியும் ஏறுகிறவன் போடுவது அது. இது இவ்வளவு நாள் என் மண்டையில் எங்கேயோ கிடந்தது, டாலர் விஷயத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

டாலரை நான் நிஜமாகவே போட்டுக்கொள்ள ஆரம்பித்ததற்குக் காரணம் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர். ரிட்டயர் ஆன பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சர்ச் கூடத்தில் மத்தியான வேளையில் வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். உன் அம்மா போன பிறகு கரண்ட் பில்லைக்கூட யாரிடமாவது நீட்ட வேண்டியிருக்கிறதே என்று நானும் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். அத்தனை பெண்களுக்கு நடுவே நான் ஒருத்தன்தான் ஆம்பளை. முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யார் முதலில் பலகையில் எழுதுவது என்று என்னோடு போட்டி போட்டார்கள். எழுத்து கூட்டிப் படிக்க வந்ததும் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கேம்ப் ரோட்டில் ஒரு கடைப் பலகையை விடவில்லை. நடுவழியில் நின்று படிப்பேன், பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். வெளியே படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் வீட்டில் தேடினேன். டாலர் வந்த டப்பாவுக்குள் மடித்து வைத்த தாள் கிடைத்தது. தமிழிலும் போட்டிருந்தார்கள். பொடி எழுத்து. உன் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன்.

அதில் ஒரு இடத்தில், ‘குளிக்கும்போதும் அணியலாம். பெரும்பாலும் குளியலறையில்தான் விழுகிறார்கள்’ என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். டீச்சரிடம் ஓடினேன்.

‘டீச்சர், இது இன்னா போட்டுகீது பாருங்க. நான் சரியாப் படிச்சேனா?’

‘சரியாத்தான் படிச்சிருக்கீங்கண்ணா. குளிக்கும்போது கழட்டாதீங்கன்னு போட்டிருக்கு. உங்க பையன் சொல்லலையா?’

‘அவன் சொன்னான் டீச்சர். நான்தான் நம்பல.’

‘இப்போ?’

‘இப்போ நானே படிச்சிட்டேனே!’

டீச்சர் சிரித்த சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டிருக்கும். நீ கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னதை ‘பையன் பயப்படுகிறான்’ என்றுதான் எடுத்துக்கொண்டேன். அச்சில் இருந்ததை நானே படித்தபோதுதான் அது எனக்கான சேதி என்று பட்டது. அன்றே கண்ணாடித் தாளை உரித்தேன். அன்றிலிருந்து தூங்கும்போதும் குளிக்கும்போதும் அது என் கழுத்தில்தான்.

ஆரம்பத்தில் அது என்னைப் படுத்திய பாடு! டிவி பார்க்கக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தால் கத்தும். பொத்தானை அழுத்திப் பிடித்து ஒன்றுமில்லை என்று அடக்க வேண்டும். ஒருநாள் பெருமாள் கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். தரையில் கிடக்கும்போதே கீ கீ என்று சத்தம். கையை நீட்டிக் கும்பிட்டபடி எங்கே பொத்தானை அழுத்துவது? வயிற்றுக்குக் கீழிருந்து ஒரு பெண் குரல், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, ‘ஐயா, வணக்கம்ங்க. கீழ விழுந்துட்டீங்களா?’ என்று கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

‘வுழுந்தேம்மா’ என்றேன். ‘சாமி முன்னாடி வுழுந்தேன்.’

‘ஓ, கோயில்ல இருக்கீங்களா? அப்பச் சரிங்க. எனக்கும் சேர்த்து வேண்டிக்கங்க ஐயா.’

வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுதல் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

இனி போன புதன்கிழமை. புதனும் சனியும் நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். அதை நான் விட்டதில்லை, உன்னையும் பத்தாவது படிக்கும் வரைக்கும் விட்டதில்லை. நல்லெண்ணெயை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, வெந்நீர் பக்கெட்டைத் தூக்கித் திரும்பினேன். எண்ணெய்க் காலும் ஈரத் தரையும். அவ்வளவுதான். கால் போனது தெரிந்தது, சுவர் வந்தது தெரிந்தது, பிறகு கூரை தெரிந்தது. நல்ல வேளை, வெந்நீர் எதிர்ப்பக்கம் கொட்டியது. டாலர் கத்த ஆரம்பித்தது. அடக்கக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கோயம்புத்தூர்க் குரல் வந்தது.

‘ஐயா, வணக்கம்ங்க. கீழ விழுந்துட்டீங்களா?’

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லா கீறேன்.’

‘நிச்சயமாங்களா? குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே.’

‘தொண்ட கட்டிகினு கீது. நீ சாப்ட்டியாமா?’

‘இனிமேதானுங்க.’

‘போய் மொதல்ல சாப்புடு.’

சத்தம் நின்றது. நான் தரையில் கிடந்தேன். துண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தப் பெண்ணால் என்னைப் பார்க்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கோலத்தில் ஒரு பெண் பிள்ளையிடம் ‘என்னைத் தூக்கு’ என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்துவிடலாம் என்று ஒரு கையை ஊன்றினேன். எண்ணெய் வழுக்கியது. கணுக்காலில் பாரம் வைத்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. தரையின் குளிர் சில்லென்று ஏறியது.

அப்போது எனக்கு உன் ஞாபகம் வந்தது, முரளி. நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது வாரா வாரம் பூத்திலிருந்து போன் செய்வாய். ‘எப்படிடா கீற?’ என்றால் ‘நல்லா இருக்கேன்பா’ என்பாய். லீவுக்கு வந்து தாம்பரம் ஸ்டேஷனில் நீ ரயிலை விட்டு இறங்கியபோது உன் கண்ணு இரண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. மஞ்சள் காமாலை. நடக்க முடியாமல் படுத்துக்கிடந்திருக்கிறாய், அப்போதும் ‘நல்லா இருக்கேன்பா’. உன் அம்மா அங்கேயே பிளாட்பாரத்தில் உன்னைத் திட்டித் தீர்த்தாள். அந்த அம்மாவே தன் கடைசி நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ‘வெறும் வாயு, சீரகத் தண்ணி குடிச்சா சரியாப் பூடும்’ என்றாள். நான் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். நம் வீட்டில் மூன்று பேருக்குமே ஒரே வியாதி. கேட்கிறவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தரையில் கிடப்போம்.

பொத்தானை அழுத்தினேன். ஐந்து மாடிக்குக் கம்பு தூக்கிய கை இது. அந்த ஒரு பொத்தானை அழுத்துவதற்குத்தான் எனக்கு அவ்வளவு பலம் தேவைப்பட்டது.

‘சொல்லுங்க ஐயா.’

‘அம்மா, பொய் சொல்ட்டேன்மா. வுழுந்துட்டேன். எழுந்துக்க முடியல.’

‘தெரியும்ங்க ஐயா. நானும் சாப்பிடப் போகலைங்க.’

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெண் என்னை அசையாமல் இருக்கச் சொன்னது. தலையில் அடிபட்டதா, ரத்தம் வருகிறதா, மூச்சு விட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கை எட்டினால் துண்டை இழுத்து மேலே போர்த்திக்கொள்ளச் சொன்னது. அதையும் அதுவாகவே சொன்னது, நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உனக்குப் போன் போடுவது கேட்டது. நீ எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் உன்னுடையதுதானே. திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

‘உங்க பையன் போன் ஆஃப்ல இருக்குதுங்க ஐயா.’

‘அவன் டெல்லிக்கு ப்ளேன்ல போறான்மா, ஆபீஸ் வேலையா’ என்றேன். தரையில் கிடக்கும்போதும் அதைச் சொல்ல எனக்கு ஒரு பெருமை.

இரண்டாவது பெயர் டீச்சர். அவருக்குப் போன் போனதும் எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தமே எனக்குக் கேட்டது. ஆனால் நம் வாசல் கதவை நான் உள்ளே தாழ் போட்டிருந்தேன், அதுவும் மேல் தாழ்ப்பாள். தனியாக இருக்கிறவன் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நீ சொல்லிச் சொல்லிப் போட்டுப் பழகிய தாழ்ப்பாள். டீச்சர் கதவைத் தட்டினார். தெருமுனை ஆட்டோ பாபுவைக் கூப்பிட்டார். பாபு வந்தால் தெருவே வருமே, வந்தது.

‘ஒடச்சிரலாமா டீச்சரம்மா?’

‘தேக்குக் கதவு பாபு. அவர் பையன் ஆசையா போட்டது. கொஞ்சம் இரு.’ பிறகு என்னை நோக்கிக் குரல் கொடுத்தார். ‘அண்ணா! தாழ்ப்பா மேலயா கீழயா?’

‘மேல டீச்சர்!’

அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டு முருங்கை மரத்தில் காய் பறிக்கிற தொரட்டியை எடுத்து வந்தார். கதவுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்துதான் இருந்தது. கம்பிக்கு நடுவே பாபு தொரட்டியை உள்ளே விட்டான். கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளைக் கொக்கியால் தேடினான். தெருவே யோசனை சொன்னது. ஒருவர் ‘லெப்டுல, லெப்டுல’ என்கிறார். இன்னொருவர் ‘யோவ், உன் லெப்டா அவன் லெப்டா?’ என்கிறார். பாபு, ‘எல்லாரும் மூடிகினு இருங்கய்யா, முருங்கக்கா பறிக்கிற மாரிதான்’ என்கிறான். என் மார்பிலிருந்து கோயம்புத்தூர்க் குரல், ‘என்ன நடக்குதுங்க ஐயா?’ என்கிறது. ‘கதவப் பறிக்கிறாங்கம்மா’ என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன், இடுப்பு வலித்தது. பழைய தாழ்ப்பாள், ஆடிப்போனது. டக்கென்று இறங்கிய சத்தம் கேட்டதும் தெருவே கைதட்டியது.

பாபு குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டான்: ‘பெர்சு, துணி கிணி மேல கீதா? லேடீஸ்லாம் கீறாங்கோ.’

‘துண்டு கீதுடா!’

‘அது போதும். மானம் தப்ச்சுது.’ உள்ளே வந்து என்னைத் தூக்கப் பிடித்தான். எண்ணெயில் வழுக்கினேன். ‘இன்னா நைனா, கெண்ட மீன் மாரி கீற! பத்து மாடி சாரத்துல நின்ன ஆளு, பக்கெட்டாண்ட வுழுந்துட்டியே!’ என்றான். டீச்சர் வீட்டுப் பழைய போர்வையைக் கொண்டுவந்து என்னைச் சுற்றித் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். டாக்டர் கிளினிக் போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பெண் லைனை விடவில்லை. டீச்சர் என் டாலரைப் பார்த்து, ‘நான் கூட இருக்கேன்மா, நீ போய்ச் சாப்பிடு’ என்று சொன்ன பிறகுதான் விட்டது.

நீ டெல்லியில் இறங்கிப் போனைத் திறந்து அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டாயே, அப்போது நான் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து டீச்சர் கொண்டுவந்த ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ அழுதாய். ‘நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேப்பா’ என்றாய். முரளி, அதைத்தான் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். நீ அப்போது வானத்தில் இருந்தாய். ஜெர்மனியில் இருந்தாலும் உனக்குப் போன் அடிக்கும், வானத்தில் அதுவும் இல்லை. அப்படியும் எனக்கு ஒரு குறை வரவில்லை. நீ மேடவாக்கத்தில் வீட்டிலேயே இருந்திருந்தாலும், காலை நேரத்து நெரிசலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து நீ வந்து சேர்வதற்குள் என் மேல் தேய்த்த எண்ணெய் காய்ந்திருக்கும். விழுந்து கிடப்பவனுக்கு மேடவாக்கமும் ஜெர்மனியும் ஒரே தூரம்தான். எதிர்வீடு மட்டும்தான் பக்கம்.

என்னை உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய், நீ ஜெர்மனி போகாவிட்டால் நான் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உன் மாடிக்கே வந்துவிடலாம் என்கிறாய். உன் மாடியில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன், ‘யாரோ ஐடிப்பா’ என்றாய். நீயும் யாரோ ஐடிதான் அவர்களுக்கு. அங்கே நான் விழுந்தால் தொரட்டி யார் கொண்டுவருவார்கள்?

சும்மா வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. மேல் தாழ்ப்பாளை மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டேன். வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு போட்டாகிவிட்டது. ஒரு சாவி டீச்சர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் குழாய்க்கம்பி பதித்தாகிவிட்டது, பாபு பதித்தான், நான் நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தேன். தரைக்குச் சொரசொரப்பான பாய். எண்ணெய்க் குளியலை நிறுத்தமாட்டேன், கேட்காதே. ஆனால் இனி ஸ்டூலில் உட்கார்ந்துதான், பக்கெட்டைத் தூக்காமல்தான். கால் சரியானதும் பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்கு நடக்கப் போகிறேன். நீ தனியாகப் போகக்கூடாது என்று சொன்னதால் இத்தனை நாள் போகாமல் இருந்தேன். இப்போது தனியாகப் போகிறேன் என்று யார் சொன்னது? நெஞ்சில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருக்கிறதே.

அப்பா என்கிற முறையில் உனக்கு ஒரு புத்தியும் சொல்லிவிடுகிறேன். வாங்கிக்கொள். அங்கே போனதும் நீயும் சுதாவும் முதல் வேலையாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டி நாங்கள் இன்னார் என்று சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுபோய்க் கொடுங்கள். உனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வேலை பிடிக்காமல் போகலாம், சுதாவுக்கு ஊர் ஞாபகம் வந்து அழுகை வரலாம். நான் போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்பா’ என்று சொல்லாதே. தரையில் கிடந்தால் தரையில் கிடக்கிறேன் என்று சொல். வெட்கம் எல்லாம் ஒரு பொத்தான் அழுத்துகிற வரைக்கும்தான். அதற்குப் பிறகு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று இந்த வயதில் எனக்குத் தெரிந்தது. உனக்கு இப்போதே தெரியட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். நேற்று நானாகவே பொத்தானை அழுத்தினேன். பதறாதே, விழவில்லை. அவ்வப்போது அழுத்திச் சோதித்துப் பார்க்கலாம் என்று தாளில் போட்டிருக்கிறது. அதே பெண்தான் எடுத்தது. யார் யாருக்கு முதலில் போன் போக வேண்டும் என்பதை மாற்ற வேண்டும் என்றேன்.

‘அதை உங்க பையன்தானே சொல்லணும்ங்க ஐயா? அவருதானே எழுதிக் குடுத்தாரு.’

‘டாலர் யார் கழுத்துலமா கீது?’

அந்தப் பெண் சிரித்தது. ‘சரிங்க. மொதல்ல யாருங்க?’

‘எதிர்வூட்டு டீச்சர்.’

‘அடுத்து?’

‘ஆட்டோ பாபு.’ நம்பரை நானே பார்த்துப் படித்துச் சொன்னேன்.

‘உங்க பையன் பேர எடுத்துடட்டுமாங்க?’

‘எடுக்காதம்மா. கடைசியாப் போடு. என்னத் தூக்கி ஒக்கார வச்சப்புறம் சொன்னாப் போதும்.’

முரளி, உன்னைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்காதே. நீ முதலில் இருந்தபோது, நான் தரையில் கிடக்கும் நேரத்தில் உன்னைத்தான் போனில் தேடினார்கள். இனி அப்படித் தேடமாட்டார்கள். தூக்குகிறவர்கள் என்னைத் தூக்கி, டாக்டரிடம் காட்டி, வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்த பிறகுதான் உனக்குப் போன் அடிக்கும். நீ அங்கே என்ன வேலையில் இருந்தாலும் நிதானமாக எடுத்து, ‘எப்படிப்பா இருக்கே?’ என்று கேள். நான் உண்மையைச் சொல்வேன்.

திங்கட்கிழமை ஆபீசில் சரி என்று சொல்லிவிடு.

இதை ஒரு எழுத்தும் விடாமல் தன் கையால் எழுதிய,
உன் அப்பா